இரு சமயம், ஓர் இல்லம்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பினால் ஒரகடம். இராமானுசர் பிறந்த ஊர் என்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் இன்று தொழிற்சாலைகளாலும் அறியப்படுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் இயங்கத் தொடங்கின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட ஒரே விடுதி வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கலாம். அப்படியானால் இவ்வட்டாரத்தில் எத்தனை இளைஞர்கள் வந்து கூடியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இவர்கள் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். வேறு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஒரே கான்டீனில் சாப்பிடுகிறார்கள். ஒரே ஷிப்டில் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். பொருள்களைப் பூட்டி இணைக்கும் அந்த லைன், பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பார்த்து ஆளை நிறுத்துவதில்லை. பழக்கம் நட்பாகிறது. சில நட்புகள் திருமணத்தில் முடிகின்றன. அவற்றில் சில, சமய எல்லையையும் தாண்டிவிடுகின்றன.

இத்தகைய திருமணங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அமெரிக்காவைச் சேர்ந்த பியூ ஆய்வு மையம் 2019-20-இல் இந்தியாவெங்கும் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வின்படி, மணமான இந்துக்களில் 99 சதவீதத்தினருக்கும், முஸ்லிம்களில் 98 சதவீதத்தினருக்கும், கிறிஸ்தவர்களில் 95 சதவீதத்தினருக்கும் வாழ்க்கைத் துணை அவரவர் சமயத்தவரே. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே இவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் ஏற்படுகிறது. இப்படி மணந்து, பிள்ளை பெற்று, வாழ்ந்து காட்டிய அண்ணனோ அத்தையோ பெரும்பாலும் இவர்கள் குடும்பத்தில் இருப்பதில்லை. கேட்டுத் தெரிந்து கொள்ள ஆள் இல்லை.

திரைப்படத்தில் இவர்களுடைய கதை திருமணத்தோடு முடிகிறது. செய்தித்தாளிலோ இவர்களுக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால்தான் இடம் கிடைக்கிறது. ஆனால் வாழ்க்கை திருமணத்துக்கு மறுநாள்தான் தொடங்குகிறது. அந்த வாழ்க்கையில் பூசல் எழுந்தால் அதைத் தீர்க்க அறிவியல் ஏதாவது வழி சொல்கிறதா? சொல்கிறது. கடந்த 70 ஆண்டுகளில் வளர்ந்துள்ள தம்பதியர் சிகிச்சை என்னும் துறையின் முக்கிய வழிகளை இங்கே காண்போம்.

முதலில் சட்டம்

மனம் அமைதியடைய வேண்டுமானால் காலடியில் தரை உறுதியாக இருக்க வேண்டும். "நம் திருமணம் செல்லுமா?" என்ற ஐயம் ஒரு மூலையில் கிடந்தால் சிறு சச்சரவும் பேரச்சமாக மாறும். ஆகவே சட்ட நிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

வெவ்வேறு சமயத்தவர், எவரும் மதம் மாறாமலே மணந்து கொள்ள வழி செய்வது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள்களாக வசித்து வரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு வெளியிடப்பட்டு, 30 நாள்களுக்குள் சட்டப்படியான மறுப்பு எதுவும் வராவிட்டால், 3 சாட்சிகளின் முன்னிலையில் திருமணம் நடைபெறும்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தமிழகத்தில் 1968-இல் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமண முறை, இந்துத் திருமணச் சட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே அது இந்து ஒருவருக்கும் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் ஒருவருக்கும் நடக்கும் திருமணத்துக்குப் பொருந்தாது. கோயிலில் தாலி கட்டிய ஓர் இந்து-கிறிஸ்தவ இணையரின் வழக்கில், அத்திருமணம் இந்துத் திருமணச் சட்டத்தின்படி செல்லாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசரமாகத் தாலி கட்டிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்து வரும் இணையர் உரிய சட்டத்தின் கீழ் பதிவு செய்து கொள்வது நல்லது.

ஒலிபெருக்கி ஏன் கூவுகிறது?

இனி உளவியலுக்கு வருவோம். அதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த ஓர் இயற்பியல் காட்சி. திருவிழாப் பந்தலில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு சென்றால் 'கூ...' என்று காதைத் துளைக்கும் ஓசை எழுகிறதல்லவா? ஒலிவாங்கியில் நுழைந்த சிறு ஓசை பெருக்கப்பட்டு ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. வந்த ஓசை மறுபடியும் ஒலிவாங்கியில் நுழைகிறது, மறுபடியும் பெருக்கப்படுகிறது. ஒரு சுற்று முடியும்போது ஓசை முன்னிருந்ததைவிட வலுத்திருந்தால் போதும். கணப்பொழுதில் அது அலறலாகிவிடும். இதை நேர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

இந்த அலறலுக்குக் காரணம் ஒலிவாங்கியா, ஒலிபெருக்கியா? இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பழுது, இரண்டையும் இணைக்கும் சுழற்சியில் இருக்கிறது.

பின்னூட்டக் கருத்தைப் பொறிகளுக்கும் உயிர்களுக்கும் பொதுவான ஓர் இயலாக நார்பர்ட் வீனர் என்ற கணித அறிஞர் 1948-இல் வகுத்தார். கிரிகரி பேட்சன் என்ற மானிடவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1950-களில் கலிபோர்னியாவில் இதே கருத்தைக் கொண்டு குடும்பங்களை ஆராய்ந்தனர். "யார் குற்றவாளி?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "சுழற்சி எப்படி நடக்கிறது?" என்று அவர்கள் கேட்டனர். குடும்ப சிகிச்சை என்னும் துறை வளர்ந்ததற்கு இக்கேள்வி ஒரு முக்கியக் காரணம்.

விளக்கத்துக்காக ஒரு தம்பதியைக் கற்பனை செய்து கொள்வோம். மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கணவன் திருவண்ணாமலைப் பக்கத்து இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவன். சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீடு. இரண்டு ஆண்டுகள் பேசாதிருந்த இரு வீட்டாரும், குழந்தை பிறந்ததும் தொலைபேசியில் பேசத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வீட்டார், "பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம்?" என்று கேட்கிறார்கள். மற்ற வீட்டார், "ஒரு வயசுக்குள் குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்தியாக வேண்டும்" என்கிறார்கள்.

இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வரும் கணவனிடம் மனைவி, "அம்மாவுக்கு என்னங்க பதில் சொல்றது?" என்று கேட்கிறாள். களைத்திருக்கும் அவன் பேசாமல் படுத்துக் கொள்கிறான். அவன் பேசாததை அவள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்துகிறாள். உயர்ந்த குரலைக் கேட்ட அவன், பேசினால் சண்டை வரும் என்று வெளியே போய்விடுகிறான். அவள் கேட்பதனால் அவன் விலகுகிறான். அவன் விலகுவதனால் அவள் மேலும் கேட்கிறாள். இருவருக்கும் தான் செய்வது மறுமொழியாகவும் மற்றவர் செய்வது தொடக்கமாகவும் தோன்றுகிறது.

'கேட்பவர்-விலகுபவர் சுழற்சி' என்று அறிஞர்கள் பெயரிட்டுள்ள இது, ஒரே சமயத்துத் தம்பதியரிடமும் உண்டு. சமயம் கலந்த மணத்தில் அச்சுழற்சிக்கு மின்சாரம் கொடுக்க ஒரு நிலையான பொருள் கிடைத்துவிடுகிறது. அவ்வளவே வேறுபாடு. அந்தப் பொருளை நீக்குவது பெரும்பாலும் முடியாத காரியம். சுழற்சியை மாற்றுவது முடியும். தம்பதியர் சிகிச்சையின் வழிகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கின்றன.

நான்கு வழிகள்

பந்தலில் அலறலை நிறுத்த ஒலிச் செறிவைக் குறைக்கலாம். ஒலிவாங்கியை வேறு பக்கம் திருப்பலாம். அதுபோலவே உளவியலாரும் சுழற்சியை வெவ்வேறு இடங்களில் தொடுகிறார்கள்.

முதல் வழி, உடலின் கொதிப்பை அடக்குவது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் காட்மனும் ராபர்ட் லெவன்சனும், கணவன் மனைவி இருவரும் கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு முதலியவற்றைக் கருவிகளால் அளந்தனர். குற்றம் சாட்டுதல், இகழ்தல், தற்காப்பு வாதம், சுவர்போல் மௌனமாகிவிடுதல் ஆகிய நான்கும் மணவாழ்வை அரிப்பவை என்று காட்மன் கண்டார். இவற்றில் மிகக் கொடியது இகழ்ச்சி. துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும் நிலையில் மனிதன் பிறர் சொல்வதைக் கேட்கும் திறனைப் பெரிதும் இழக்கிறான் என்பதும் அவர் கூற்று. அந்நிலையில் பேச்சைத் தொடர்வது வீண். "அரை மணி கழித்துப் பேசலாம்" என்று சொல்லி விலகி, சொன்னபடி திரும்பி வர வேண்டும். உடல் தணியக் குறைந்தது 20 நிமிடங்களாவது தேவை. சொல்லாமல் விலகுவது சண்டையை வளர்க்கும். சொல்லி விலகுவது தணிக்கும். நம் கற்பனைத் தம்பதிக்கு இதன் பொருள் எளியது: இரவு ஷிப்ட் முடிந்த காலையில் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசக் கூடாது, வார விடுமுறையில் தூங்கி எழுந்தபின் பேச வேண்டும்.

காட்மன் கூறும் மற்றொரு செய்தி பலருக்கு ஆறுதல் தரும். தம்பதியருக்கிடையே எழும் பூசல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒருபோதும் முழுமையாகத் தீர்வதில்லை. நல்ல தம்பதியரிடமும் அவை தீர்வதில்லை. அவர்கள் அவற்றைப் பற்றி இகழ்ச்சியின்றிப் பேசக் கற்றிருக்கிறார்கள். யாருடைய மணவாழ்வு முறியும் என்று முன்கூட்டியே கூற முடியும் என்ற அவருடைய கணிப்புகளைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அவர் ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் வழி, பூசலுக்கு அடியில் இருக்கும் உணர்வைத் தேடுவது. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பர்க்கும் 1980-களில் கனடாவில் இம்முறையை உருவாக்கினர். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பற்றைப் பற்றி ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் அறிஞர் கூறிய கொள்கையே ஜான்சன் வளர்த்த முறைக்கு அடிப்படை. பெரியவர்களுக்கும் அத்தகைய பற்று தேவை. அது அறுந்துவிடுமோ என்ற அச்சமே கோபமாகவோ மௌனமாகவோ வெளிப்படுகிறது என்பது இவர்கள் கருத்து. "ஞானஸ்நானம் எப்போது?" என்று அந்த மனைவி கேட்கும்போது, அதன் அடியில் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கலாம்: "என் வீட்டாரை எல்லாம் விட்டுவிட்டு உங்களோடு வந்தேன், நான் வளர்ந்த விதத்துக்கு இந்த வீட்டில் கொஞ்சமேனும் இடம் உண்டா?" கணவனின் மௌனத்துக்கு அடியிலும் ஒன்று இருக்கலாம்: "எதைச் சொன்னாலும் ஒரு பக்கத்தாரை இழப்பேன்." இந்த இரு வாக்கியங்களும் வாய்விட்டுச் சொல்லப்பட்டுவிட்டால், சடங்கைப் பற்றிய பேச்சு வேறு விதமாக நடக்கும். சிகிச்சையாளர் அவை வெளிவர உதவுகிறார்.

மூன்றாம் வழி, ஏற்றுக்கொள்ளுதலையும் மாற்றத்தையும் இணைப்பது. நீல் ஜேக்கப்சன், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் ஆகிய இருவரும் வகுத்த முறை இது. மற்றவரை மாற்ற முயலும் முயற்சியே பல இடங்களில் சிக்கலை இறுக்குகிறது என்பதை அவர்கள் கண்டனர். தம்பதியர் இருவரும் ஒரே பக்கம் அமர்ந்து, சிக்கலை எதிரே வைத்துப் பார்க்கப் பழக்கப்படுகிறார்கள். "நீ இப்படி, நான் அப்படி" என்று சொல்வதற்குப் பதில், "நமக்குள் அந்தச் சுழற்சி மறுபடி வந்துவிட்டது" என்று சொல்லக் கற்கிறார்கள். ஆஸ்திரேலியரான மைக்கேல் வைட் என்பவரும், "மனிதர் சிக்கல் அல்லர், சிக்கல்தான் சிக்கல்" என்ற கருத்தின் மீது தம் முறையை அமைத்தார்.

கிறிஸ்டென்சன் குழுவினர் கடுமையான பூசலில் இருந்த 134 தம்பதியரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு இம்முறையிலும் மறுபகுதியினருக்குப் பழைய முறையிலும் சிகிச்சை அளித்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, இரு முறைகளிலும் ஏறக்குறையப் பாதித் தம்பதியர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் பெற்றிருந்தனர். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்திருந்தனர். சிகிச்சை மந்திரம் அன்று என்பதை இக்கணக்கு காட்டுகிறது. பயனற்றதும் அன்று என்பதையும் காட்டுகிறது.

நான்காம் வழி, மூன்றாம் ஆளைக் கவனிப்பது. நம் நாட்டுச் சூழலுக்கு மிக நெருக்கமானது இதுவே. அமெரிக்க மனநல மருத்துவர் முரே போவன், இருவருக்கிடையே பதற்றம் மிகும்போது அவர்களில் ஒருவர் மூன்றாமவரை உள்ளே இழுக்கிறார் என்று கூறினார். இதை அவர் முக்கோணம் என்றார். மூன்றாமவர் மாமியாராக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், பங்குச் சாமியாராகவோ, ஜமாஅத் பெரியவராகவோ, ஊர்ப் பெரியவராகவோ இருக்கலாம். சில சமயம், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையும் அந்த மூன்றாம் முனையாகிவிடுகிறது.

முக்கோணத்திலிருந்து தப்பிக்க இளைஞர்கள் பொதுவாக இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, பெற்றோர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவது. மற்றொன்று, ஊரை அடியோடு துண்டித்துக் கொள்வது. தொழிற்பேட்டையில் வாடகை வீடு எடுத்துத் தங்கும் இணையருக்கு இரண்டாவது வழி எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் துண்டித்தல் விடுதலை ஆகாது என்கிறார் போவன். துண்டித்த உறவின் பாரம் முழுவதும் எஞ்சியிருக்கும் ஒரே உறவின் மேல், அதாவது கணவன் அல்லது மனைவியின் மேல் வந்து விழுகிறது. போவன் சொல்லும் நடுவழி, தன் நிலையில் உறுதியாக நின்றுகொண்டே உறவையும் விடாமல் வைத்திருப்பது. "அம்மா, குழந்தை விஷயத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்வோம். முடிவு செய்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்வோம்" என்று அந்த மனைவி தன் தாயிடம் சொல்வதே இதற்கு எடுத்துக்காட்டு. அவரவர் வீட்டாரிடம் அவரவரே பேச வேண்டும் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் ஒரு நல்ல விதி. மருமகன் மாமியாரிடம் சொன்னால் அது அவமதிப்பாகத் தெரியும். மகள் சொன்னால் மனத்தாங்கலோடு நின்றுவிடும்.

குடும்பத்தை உள்ளே கொண்டுவருவதில் இந்தியாவுக்கு ஒரு சொந்த வரலாறும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கு பெறச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் குடும்பங்களுக்கென்றே தனி மனநல மையம் செயல்படுகிறது.

சிகிச்சை அறையில் நடப்பது என்ன?

சமயம் கலந்த தம்பதி வரும்போது, சிகிச்சையாளர் செய்யக்கூடிய முதல் வேலைகளில் ஒன்று படம் வரைவது. மூன்று தலைமுறைகளின் குடும்ப வரைபடம் அது. யார் யாரை மணந்தார், யார் எதைக் கொண்டாடினார், யார் மதம் மாறினார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் குறிகளாக அதில் இடம்பெறும். வரைந்து முடிந்ததும் பல வியப்புகள் வெளிவரும். 'இந்துக் குடும்பம்' என்று கருதியதிலிருந்து வேளாங்கண்ணிக்கு நேர்ந்து கொண்ட பாட்டி ஒருத்தி தோன்றலாம். நாகூர் தர்காவுக்குச் சென்று வந்த பெரியப்பா தோன்றலாம். சமயம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது, உண்மையில் பல இழைகள் கொண்ட கயிறு.

அடுத்த வேலை அந்த இழைகளைப் பிரிப்பது. நம்பிக்கை வேறு; சடங்கு வேறு; உணவுப் பழக்கம் வேறு; இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வு வேறு; தாய் தந்தையர்மேல் உள்ள நன்றி வேறு. "எனக்கு மதம் முக்கியம்" என்று சொல்பவரிடம், "இவற்றில் எது?" என்று கேட்டால் பல சமயம் விடை எளிதாகிறது. ஒருவருக்கு ஞாயிறு பூசைக்குச் செல்வது விட முடியாததாக இருக்கலாம். நெற்றியில் பொட்டு வைப்பதில் தடை இல்லாமலிருக்கலாம். மற்றொருவருக்கு ரமலான் நோன்பு உயிராக இருக்கலாம். குழந்தையின் பெயரில் பிடிவாதம் இல்லாமலிருக்கலாம். கோயில் என்ற ஒரே சொல்லை நம் ஊர்க் கத்தோலிக்கரும் இந்துக்களும் வழங்குகிறார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே அவரவர் பொருளை அவரவர் வாயாலேயே சொல்லச் செய்வதுதான் முறை.

பிறகு ஒவ்வொருவரும் தனித்தனியே மூன்று பட்டியல்கள் எழுதலாம். என்னால் விட முடியாதவை, விட்டுக்கொடுக்கக் கூடியவை, உன்னோடு சேர்ந்து செய்ய விரும்புபவை. முதல் பட்டியல் பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே இருக்கும். இப்பட்டியலில் தவறாமல் இடம்பெற வேண்டிய பொருள்கள் சில உண்டு: குழந்தையின் பெயர், ஞானஸ்நானம் அல்லது மொட்டை அல்லது சுன்னத், வீட்டில் சமைக்கும் உணவு, பண்டிகைச் செலவு, எந்தப் பண்டிகைக்கு எந்த ஊர், பள்ளிச் சான்றிதழில் எழுத வேண்டியது. இறுதிச் சடங்கும் இதில் அடங்கும். இளம் வயதில் இதைப் பேச யாரும் விரும்புவதில்லை. ஆனால் ஒருவர் இறந்த நாளில், புதைப்பதா எரிப்பதா என்று இரு வீட்டாரும் வாசலில் நின்று வாதிடும் நிலை வரக் கூடாது அல்லவா?

இங்கே சட்டமும் குறுக்கிடும் இடங்கள் சில உண்டு. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிக்க விரும்பாதவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விடலாம் எனத் தமிழக அரசு 1973-லேயே ஆணையிட்டது. மறுபுறம், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கருதப்படுவர். அவ்வகுப்பைச் சேர்ந்த ஒருவர் துணையின் மனம் குளிரக் கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால், படிப்பிலும் வேலையிலும் உள்ள இட ஒதுக்கீட்டு உரிமையை இழக்க நேரும். ஆகையால் மதம் மாறும் முடிவை ஒரு சண்டையின் முடிவில் எடுக்கக் கூடாது. வழக்கறிஞரையும் கேட்டறிய வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானமா, மொட்டையா? அதற்கு விடை சொல்வது சிகிச்சையாளரின் வேலை அன்று. சில தம்பதியர் இரண்டையும் செய்கிறார்கள். சிலர் இரண்டையும் ஒத்திவைத்துக் குழந்தை வளர்ந்தபின் அதன் விருப்பத்துக்கு விடுகிறார்கள். சிலர் ஒரு மரபில் வளர்த்து, மற்றதையும் மதிக்கக் கற்பிக்கிறார்கள். எந்த முடிவாயினும் இருவரும் மனமறிந்து எடுத்ததாக இருந்தால் நிற்கும். ஒருவர் களைத்துப் போய் விட்டுக்கொடுத்ததாக இருந்தால், அடுத்த பண்டிகைக்கு மறுபடி கிளம்பும்.

'ஆலோசனை' என்ற பெயரில்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'ஆலோசனை' அல்லது 'கவுன்சலிங்' என்ற சொல் நம் நாட்டில் வேறொன்றுக்கும் பயன்படுகிறது. வயது வந்த பெண்ணை ஓர் அறையில் உட்கார வைத்து, "உன் அம்மா அழுகிறாள் பார், வீட்டுக்குப் போய்விடு" என்று மணிக்கணக்கில் பேசுவதையும் சிலர் ஆலோசனை என்கிறார்கள். இது சிகிச்சை அன்று. முடிவை முன்பே தீர்மானித்துவிட்டு ஆளை அதற்கு வளைப்பது வற்புறுத்தல். பிரிப்பதற்காக நடத்தினாலும், மதம் மாற்றுவதற்காக நடத்தினாலும், எப்படியாவது சேர்ந்து வாழ வைப்பதற்காக நடத்தினாலும் அது வற்புறுத்தலே.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கேரளத்தைச் சேர்ந்த ஹாதியா என்ற பெண்ணின் திருமணத்தை உயர் நீதிமன்றம் 2017-இல் செல்லாததாக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுப்பது வயது வந்தவரின் அடிப்படை உரிமை என்று அது கூறியது. அதே ஆண்டில் சக்தி வாஹினி வழக்கில், அச்சுறுத்தப்படும் இணையருக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் அமைக்கும்படி ஆணையிட்டது. இருவரும் வயது வந்தவர்களாக இருந்து மணக்கச் சம்மதித்துவிட்டால், குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை என 2021-இல் லட்சுமிபாய் சந்தரகி வழக்கில் மீண்டும் உறுதி செய்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடி உதை, மிரட்டல், பணத்தைப் பறித்து வைத்தல், மதம் மாறும்படி கட்டாயப்படுத்துதல் ஆகியவை இருக்கும் வீட்டில், இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் சிகிச்சை பொருந்தாது. அங்கே பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அத்தகைய நிலையில் முதலில் பாதுகாப்பு, பிறகே மற்றவை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், மகளிர் உதவி எண் 181-ம் அதற்காகவே உள்ளன.

எங்கே செல்வது?

தம்பதியர் சிகிச்சை பணக்காரர்களுக்கே உரியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் செயல்படுகிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், இரவு ஷிப்ட் முடித்து வந்தும் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல நிலையத்தையும் நாடலாம். தனியாரிடம் செல்வோர், மருத்துவ உளவியலார் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. முதல் சந்திப்பில் மேலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். நாங்கள் பேசுவது வெளியே போகாதல்லவா? எங்கள் சமயங்களைப் பற்றி உங்களுக்கு ஏதேனும் விருப்பு வெறுப்பு உண்டா? நாங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் ஏற்பீர்களா? இவற்றுக்கு நேரான விடை தராதவரிடம் மறுமுறை செல்ல வேண்டியதில்லை.

எப்போது செல்வது என்பதும் முக்கியம். ஒலிபெருக்கி அலறத் தொடங்கிய பின் பந்தலில் எவர் பேசுவதும் எவருக்கும் கேட்காது. முதல் 'கூ' எழும்போதே ஒலிவாங்கியைத் திருப்பிவிடுவது எளிது. அதுபோல், குழந்தை பிறக்கும் முன்பே, இரு வீட்டாரும் பேசத் தொடங்கும் முன்பே, மேற்சொன்ன மூன்று பட்டியல்களையும் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. அதற்குச் சிகிச்சையாளரும் தேவையில்லை. இரண்டு தாளும், இருவரும் தூங்கி எழுந்த ஒரு விடுமுறைக் காலையும் போதும்.

வாசகர்களில் பலர் இத்தகைய தம்பதிகளாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அவர்களுடைய அண்ணனாக, தங்கையாக, வீட்டு உரிமையாளராக, லைனில் பக்கத்தில் நிற்கும் தோழராக இருக்கக்கூடும். அப்போது நீங்களும் அந்த முக்கோணத்தின் மூன்றாம் முனையாக இழுக்கப்படுவீர்கள். "யார் பக்கம் நியாயம்?" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை குழந்தையைச் சற்று வைத்துக் கொண்டிருங்கள். பெற்றோரும் உறவினரும் அருகில் இல்லாத அந்தத் தொழிற்பேட்டை வீட்டில், அதுவே பேருதவி.